பென்குயினுக்கு அஞ்சு ஸ்டார், கப்பல் கம்பெனிக்கு மூணு: சவுத் ஜார்ஜியா டூர் ரிவியூ

கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க. சவுத் ஜார்ஜியாவுக்கு கப்பல் விடுற நிறைய பேரு கிட்டத்தட்ட இதே மாதிரி டூர் தான் போடுறாங்க, ஒருத்தர மட்டும் பிடிச்சு திட்டுறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா காசு கொஞ்ச நஞ்சம் இல்ல, ஆளுக்கு பத்தாயிரம் டாலர சாதாரணமா தாண்டிடும், அவ்ளோ குடுத்து போறவங்க எத பாத்து கப்பல் பிடிக்கணும்னு தேடினா எல்லா ரிவியூலயும் பால்கனி இருக்கா, சானா இருக்கா, டெசர்ட் எப்படின்னு தான் எழுதி வச்சிருக்காங்க. அட போங்கப்பா, சானாவுக்கா அவ்ளோ தூரம் போறோம். நான் முக்கியமா ஒரு விஷயத்த வச்சு தான் மார்க் போடப் போறேன், கரையில எவ்ளோ நேரம் நிக்க விட்டாங்க.

இடம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். தென் அட்லாண்டிக்ல ஃபாக்லாந்து தீவுகளுக்கு கிழக்க சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, பிரிட்டனோட கட்டுப்பாட்டுல இருக்கற தீவு, நீளம் 170 கிலோமீட்டர் வரும், நடுவுல முதுகெலும்பு கணக்கா மலை, அதுல பெரியது மவுண்ட் பேஜட் 2,900 மீட்டருக்கு மேல, தீவுல பாதிக்கு மேல பனிப்பாறை. ஏர்போர்ட் கிடையாது. ஊருன்னு ஒன்னு கிடையாது, கிங் எட்வர்ட் பாயிண்ட்ல ஆராய்ச்சிக்காரங்களும் ஒரு சில அரசு ஆபீசருங்களும் மாத்தி மாத்தி வந்து தங்குறாங்க, அவ்ளோ தான் ஜனத்தொகை. கப்பல் அர்ஜென்டினாவோட உஷுவாயாவுல இருந்தோ ஃபாக்லாந்தோட ஸ்டான்லில இருந்தோ கிளம்பும்.

கடல் நாட்கள பத்தி நிறைய பேரு "ஒன்னுமே இல்ல, போர்"னு எழுதிருக்காங்க. அவங்க ரூம்லயே படுத்திருந்திருப்பாங்க. பின்பக்க டெக்ல போய் காத்துல நில்லுங்க, வாண்டரிங் ஆல்பட்ராஸ்னு ஒரு கடல் பறவை கப்பல் பின்னாடியே வரும், ரெக்க விரிச்சா மூணு மீட்டருக்கு மேல போகும், அரை மணி நேரம் பாத்தாலும் ரெக்கைய அடிக்கிறத பாக்க மாட்டீங்க. தோள்ல ஒரு தசைநார் ரெக்கைய விரிச்ச நிலையிலயே பூட்டி வச்சுக்குமாம், அதனால விரிச்சே வச்சிருக்க அதுக்கு பெருசா சக்தியே செலவாகாது, அலைக்கு பக்கத்துல காத்து மெதுவா இருக்கும் மேல போனா வேகமா இருக்கும், அந்த வித்தியாசத்த வச்சு ஏறி இறங்கி ஏறி இறங்கியே கிலோமீட்டர் கணக்குல போயிடும். இத எங்களுக்கு சொன்னது கப்பல்ல இருந்த பறவை கைடு. அந்த ஒரு ஆளுக்காக தான் மூணு ஸ்டார், இல்லேன்னா ரெண்டே முக்கால் தான். லெக்சர் ஹால்ல பேசுறத விட டெக்ல நின்னு பேசுறது தான் அவருக்கு பிடிச்சிருந்துச்சு, யாராவது ஒருத்தர் வந்து "அது என்ன சின்னதா நீலமா பறக்குது"ன்னு கேட்டா போதும், பிரயன் பறவையோட அலகுல சீப்பு மாதிரி இருக்கறத வச்சு அது எப்படி கடல் தண்ணிய வடிகட்டி சாப்பிடுதுங்கற வரைக்கும் போயிடுவாரு. இன்னொரு லெக்சரர் ஸ்லைட்ல இருக்கறத அப்படியே வாசிச்சாரு. அதுக்கு எதுக்கு ஒரு ஆளு.

ஒரு நாள் காலைல திடீர்னு குளிரு வேற மாதிரி ஆகி மூடுபனி வந்துடுச்சு. தெற்குல இருந்து வர்ற குளிர்ந்த தண்ணியும் வடக்குல இருந்து வர்ற கொஞ்சம் சூடான தண்ணியும் சந்திக்கிற கோடு, அண்டார்டிக் கன்வர்ஜென்ஸ்னு சொல்றாங்க, அத தாண்டிட்டோம்னு அனவுன்ஸ் பண்ணாங்க. தீவுக்கு துருவ குணம் வர்றதே அதனால தான். அதுக்கு தெற்க இருக்கற அந்த குளிர்ந்த தண்ணில தான் கிரில், இறால் மாதிரி குட்டி உயிரி, கூட்டம் கூட்டமா இருக்கும், கிரில் இருக்கறதால தான் பறவையும் சீலும் திமிங்கலமும் அந்த அளவுக்கு அங்க இருக்கு. சும்மா ஒரு அழகான தீவுன்னு அதுங்க தேடி வந்து உக்காரல.

பயோசெக்யூரிட்டி பத்தி எல்லாரும் புலம்புறாங்க, நான் புலம்ப மாட்டேன், இதுல கம்பெனிக்கு ஃபுல் மார்க். தீவுல இறங்குறதுக்கு முன்னாடி உங்க பேக், ஜாக்கெட், ட்ரைபாட், ஷூ எல்லாத்தையும் வாக்குவம் போட்டு, பாக்கெட்ட வெளிய திருப்பி, வெல்க்ரோவுல ஒட்டிட்டு இருக்கற நூல், முடி, விதை எல்லாத்தையும் சின்ன இடுக்கி வச்சு எடுக்கணும். எங்க அக்கா ஜாக்கெட்டோட கை வெல்க்ரோவுல ஒரே ஒரு புல் விதை இருந்துச்சு, பூதக்கண்ணாடி வச்சிட்டு இருந்த பொண்ணு அத டேப்ல ஒட்டி எடுத்து காமிச்சா, அக்காவுக்கு முகம் தொங்கிடுச்சு, "ஒரு விதைக்கா இவ்ளோ"ன்னு என்கிட்ட முணுமுணுத்துச்சு. ஒரு விதைக்கு தான் இவ்ளோ. கிரிட்விக்கன்ங்கற பழைய திமிங்கல ஸ்டேஷன்ல அரசு ஆபீசர் கப்பலுக்குள்ள ஏறி வந்து நம்ம ஷூ அடிய பாக்குறாங்க, அவங்களுக்கு திருப்தி இல்லேன்னா கப்பலையே இறங்க விடாம பண்ண முடியும். அப்புறம் ஒவ்வொரு தடவ இறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸ கிருமிநாசினில முக்கணும்.

ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா எலி. சீல் வேட்ட, திமிங்கல வேட்டைக்கு வந்த கப்பல்கள்ல இருந்து எலி தீவுல இறங்கிடுச்சு, தரையில கூடு கட்டுற பறவை, மண்ணுல வளை தோண்டி முட்டை வைக்கிற பறவை எல்லாத்தையும் காலி பண்ணிட்டே வந்துச்சு. சவுத் ஜார்ஜியா பிபிட்னு ஒரு குட்டி பறவை, உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அவ்ளோ தெற்க பாட்டு பாடுற பறவைன்னா அது ஒன்னு தான், அது பெரும்பாலும் எலி இல்லாத சின்ன சின்ன தீவுல தான் ஒண்டிட்டு இருந்துச்சு. சவுத் ஜார்ஜியா ஹெரிட்டேஜ் டிரஸ்ட் 2011ல ஆரம்பிச்சு 2013, 2015னு மூணு கட்டமா ஹெலிகாப்டர்ல இருந்து சுமார் 300 டன் விஷ தீனிய தீவு பூரா போட்டாங்க, பனிப்பாறைங்க கடல் வரைக்கும் இறங்கி தீவ தனித்தனி துண்டா பிரிச்சு வச்சிருந்ததால தான் பகுதி பகுதியா முடிக்க முடிஞ்சுது, பனிப்பாறை உருகி பின்வாங்கிட்டே போகுது, இன்னும் கொஞ்ச வருஷம் விட்டிருந்தா எலி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போயிருக்கும். 2018ல மோப்ப நாய் வச்சு தேடி பாத்துட்டு தீவுல எலியே இல்லேன்னு அறிவிச்சாங்க. இப்போ கரையில நடந்து போனா பிபிட் சத்தம் புல்லுக்குள்ள இருந்து கேக்குது. எங்க கைடு அத கேட்டதும் பேச்ச நிறுத்திட்டு விரல தூக்கி காமிச்சாரு, மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். சோ ஜாக்கெட்ட வாக்குவம் பண்ண சொன்னா பண்ணுங்க மக்களே.

அதே மாதிரி ராத்திரி வெளிச்சம். கேபின் ஜன்னல் எல்லாத்துக்கும் கருப்பு திரை போடச் சொன்னாங்க, டெக்ல தேவையில்லாத லைட் எல்லாம் ஆஃப். வளையில வாழுற பெட்ரல், பிரயன் மாதிரி கடல் பறவையெல்லாம் ஸ்குவாங்கற வேட்ட பறவை கண்ணுல படாம இருக்க ராத்திரி தான் கரைக்கு வரும், வெளிச்சத்த பாத்தா குழம்பி கப்பல் மேல வந்து மோதும். ஒரு பால்கனி ரூம் ஆளு "நான் குடுத்த காசுக்கு ஜன்னல தொறந்து வச்சு தான் படுப்பேன்"னு ரிசப்ஷன்ல சண்ட போட்டாரு, கப்பல் ஆளுங்க ஒரு இன்ச் கூட இறங்கி வரல. சபாஷ்.

இப்போ மெயின் விஷயம், செயின்ட் ஆண்ட்ரூஸ் பே. தீவோட பெரிய கிங் பென்குயின் காலனி இது தான், சுமார் ஒன்றரை லட்சம் ஜோடின்னு சொல்றாங்க. நம்பர் படிச்சா ஒன்னும் தோணாது. சோடியாக் ரப்பர் போட்ல கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாடை வந்துடும், மீன் வாடையும் அம்மோனியாவும் கலந்து மூக்குல ஏறும், அப்புறம் சத்தம். இறங்குன இடத்துல முதல்ல யானை சீல், ஆம்பளைன்னா நாலு டன் வரைக்கும் கூட இருக்கும், மூக்கு வழியா கொரட்ட விட்டுட்டு வழிய மறிச்சு கிடக்கும், அத சுத்தி தள்ளி தான் போகணும். அத தாண்டி பனிப்பாறை உருகி வர்ற ஆறு, தண்ணி ஐஸ், அதுக்கு அந்த பக்கம் ஒரு மேடு. மேட்டு மேல ஏறுனா தான் காலனி தெரியும்.

கிங் பென்குயின் கூடே கட்டாது. ஒரே ஒரு முட்டை, அத கால் மேல வச்சு வயித்து மடிப்ப இழுத்து மூடிக்கும். அப்படியே நிக்கும். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி சுமார் 54 நாள். பக்கத்து பென்குயின் அலகுக்கு எட்டாத தூரத்துல தான் ஒவ்வொன்னும் நிக்கும், அதனால மேல இருந்து பாத்தா யாரோ அளந்து வச்ச மாதிரி சம இடைவெளி, எது நகந்தாலும் ரெண்டு பக்கமும் கொத்து வாங்கிட்டு தான் போகணும். எனக்கு கிட்டத்துல ஒன்னு முட்டையோட நகந்துச்சு, குதிகால்லயே ஊன்றி, விரல மேல தூக்கி வச்சுட்டு, முட்டை உருண்டுடாம இருக்க இம்மி இம்மியா, ஒரு ஜான் தூரம் போறதுக்குள்ள மூணு பேருகிட்ட அடி. வயித்து மடிப்பு ஒரு செகண்ட் விலகுனப்போ முட்டை தெரிஞ்சுது, வெள்ளையா இல்ல, சேறு பூசி பச்சையும் காவியுமா இருந்துச்சு. உடனே மூடிடுச்சு.

ஒரு பக்கம் முட்டை, இன்னொரு பக்கம் பழுப்பு கலர்ல அப்பா அம்மா சைஸ்ல கொழுத்து நிக்கிற குஞ்சு, தண்ணி ஓரத்துல இறகு உதிர்க்கிற கூட்டம், எல்லாம் ஒரே நேரத்துல. இது ஏன்னா முட்டையில ஆரம்பிச்சு குஞ்சு கடலுக்கு போற வரைக்கும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், 14, 16 மாசம், அதனால வருஷா வருஷம் இதுங்களால குஞ்சு பொரிக்க முடியாது, நல்லா போனா மூணு வருஷத்துல ரெண்டு. லேட்டா பொறந்த குஞ்சு குளிர்காலம் பூரா கரையிலயே நிக்கும், பெத்தவங்க எப்பவாவது தான் சாப்பாடோட வருவாங்க, அதுல பாதி எடை வரைக்கும் கூட கொறைஞ்சு போகும், அதுக்கப்புறம் தான் வசந்த காலம். நாங்க பாத்த குண்டு குஞ்செல்லாம் அத தாண்டி வந்ததுங்க.

சத்தத்த பத்தி சொல்லணும். பெருசு தலைய நேரா வானத்துக்கு தூக்கி ஒரு குரல் குடுக்கும், குஞ்சு விசில் அடிக்கும். அத்தன ஆயிரத்துல அதது வீட்டு ஆள எப்படி கண்டுபிடிக்கும்னு கேட்டா, குரல் தானாம். பறவைக்கு குரல் உறுப்பு ரெண்டு கிளையா பிரியுற இடத்துல இருக்கு, கிங் பென்குயின் ரெண்டு கிளையையும் ஒரே நேரத்துல பாட வச்சு ரெண்டு சுருதி குடுக்கும், அந்த கலவை ஒவ்வொன்னுக்கும் வேற. எங்களுக்கு முன்னாடி ஒரு பெருசு கடல்ல இருந்து பளபளன்னு வந்து கூப்ட்டுச்சு, பத்து பன்னெண்டு குஞ்சு ஓடி வந்துச்சு, பசியில எது கூப்ட்டாலும் சிலது ஓடி வருமாம், அது எல்லாத்தையும் கொத்தி வெரட்டிட்டு மறுபடி கூப்ட்டுச்சு, ரொம்ப பின்னாடி இருந்து ஒன்னு விசில் அடிச்சுட்டு தத்தி தத்தி வந்துச்சு பாருங்க, அதுக்கு மட்டும் வாய தொறந்துச்சு. அக்கா என் கைய பிடிச்சு அமுக்கிட்டே இருந்துச்சு. "டேய் வந்துட்டான்டா, வந்துட்டான்"னு.

அப்போ தான் கைடு வந்து டைம் ஆச்சு, திரும்பணும்னாரு. இங்க தான் எனக்கு கம்பெனி மேல கோவம். தீவோட சட்டப்படி ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பயணிக்கு மேல கரையில நிக்கக் கூடாது. நல்ல சட்டம், அதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. ஆனா கம்பெனி கப்பல்ல ஏத்துனது அதுக்கு ரொம்ப மேல. அப்போ என்ன ஆகும், ரெண்டு பேட்ச். உங்க பேட்ச் கரையில இருக்கற நேரம் பாதி ஆயிடும், மீதி பாதி கப்பல்ல உக்காந்து மத்தவங்க திரும்பி வர்றத ஜன்னல் வழியா பாக்கணும். பிரவுச்சர்ல "நாள் முழுக்க பென்குயின்களோட"ன்னு போட்டுருக்கான். எங்களுக்கு ஆத்த தாண்டி மேடு ஏறி இறங்குற நேரத்த கழிச்சா காலனிய பாத்தது ஒன்றரை மணி நேரம் கூட வராது. கேட்டதுக்கு "எல்லா கம்பெனியும் இப்படி தான் சார்"னு பதில். இல்ல. நூறு பேருக்கு கம்மியா ஏத்துற கப்பல் இருக்கு, வெல கூட, ஆனா கரையில நிக்கிற நேரத்தால வகுத்து பாத்தா அது தான் சீப்.

அந்த பாதி நேரத்துலயும் ரேடியோவுல "போட்டோ காம்பெட்டிஷன், கிஃப்ட் ஷாப் இருபது பர்சென்ட் ஆஃப்"னு கைடு வாக்கி டாக்கி கத்துது. அத ஆஃப் பண்ணிட்டு வர சொல்லக் கூடாதா.

பிரவுச்சர்ல இன்னொரு டயலாக், "பென்குயினோட நடங்க". இத பாத்துட்டு வந்தவங்க சில பேரு கூட்டத்துக்குள்ள போயிடலாம்னு நெனச்சு வந்துட்டாங்க. கிடையாது. அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கணும், கூட்டத்த சுத்தி வரக் கூடாது, அதுங்க போற வழிய மறிக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபர்ல இந்த தீவுக்கு வந்துடுச்சு, முதல்ல பிரவுன் ஸ்குவா, அப்புறம் சீல் வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் கரையில உக்காரவோ முட்டி போடவோ படுக்கவோ பேக கீழ வைக்கவோ கூடாதுன்னு ரூல் வந்துருக்கு, படுத்து போட்டோ எடுக்கலாம்னு போறவங்க அத மறந்துடுங்க. ட்ரோன் கிடையாது. சாப்பாடு எடுத்துட்டு போகக் கூடாது. டாய்லெட்டும் கிடையாது, அதனால காலைல காபிய அளவா குடிங்க. ஆனா பென்குயினுக்கு இந்த அஞ்சு மீட்டர் ரூல யாரும் சொல்லல, நீங்க அசையாம நின்னா அதுவே வந்து உங்க பூட்ஸ ஏற எறங்க பாக்கும், அப்போ மெல்ல பின்னாடி போங்க, கைய நீட்டிடாதீங்க.

திரும்பி வர்ற வழில தண்ணி ஓரத்துல இறகு உதிர்க்கிற கூட்டம். அதுங்களுக்கு பழைய இறகு விழுந்து புதுசு முளைக்கிற வரைக்கும் கடலுக்குள்ள போக முடியாது, குளிர தாங்காது, அதனால வாரக்கணக்குல பட்டினி நின்னுட்டே இருக்கும். தரை பூரா இறகு, மெத்தக்கடையில பஞ்ச பிரிச்சு கொட்டுன மாதிரி கால வச்ச இடமெல்லாம் பறக்குது. அதுங்கள பதற வச்சு ஓட விட்டா சேத்து வச்ச கொழுப்பு வீணா போகும், அதனால இந்த கூட்டத்துக்கிட்ட இன்னும் தள்ளி நடக்கணும். எங்க குரூப்ல ரெண்டு பேரு செல்ஃபிக்கு கிட்ட போனாங்க, கைடு போட்ட சத்தத்துல கடல் சத்தமே கேக்கல.

அழகு மட்டும் தான் பாக்கணும்னா போகாதீங்க. ஜயன்ட் பெட்ரல் செத்த சீலோட வயித்துக்குள்ள கழுத்து வரைக்கும் தலைய விட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வெளிய வந்து ரெக்கைய விரிச்சு அடுத்தவன வெரட்டும். ஷீத்பில்னு ஒரு வெள்ள பறவை, தூரத்துல பாத்தா சாதுவா தெரியும், கிட்ட பாத்தா பென்குயின் எச்சத்த தேடி தேடி தின்னுட்டு இருக்கும். ஸ்குவா முட்டைக்கு காத்துட்டே நிக்கும். இதுங்க இல்லேன்னா அந்த கரை பொணமா நாறும், அதையும் நெனச்சு பாருங்க.

சாலிஸ்பரி பிளெயின்ல, சுமார் 60,000 ஜோடி இருக்கற இடம், நாங்க இறங்கவே இல்ல. அலை பெருசு, மலையில இருந்து காத்து சடார்னு இறங்கிச்சு, கேப்டன் கேன்சல் பண்ணிட்டாரு. இதுக்காக ஒரு ஸ்டார் குடுத்தவங்கள பாத்தா சிரிப்பு தான் வருது. காத்து கம்பெனிக்கு வேல பாக்கல. பதிலா ஹெர்குலிஸ் பேவுக்கு போட்ல கூட்டிட்டு போனாங்க, அங்க மக்ரோனி பென்குயின், கண்ணுக்கு மேல மஞ்ச கொண்ட வச்சுக்கிட்டு செங்குத்தான பாறையில புல் திட்டு வழியா ஏறி இறங்கிட்டு இருக்கும். இதுங்க ரெண்டு முட்ட போடும், முதல் முட்ட சின்னது, பெரும்பாலும் பொரியாது, ரெண்டாவது தான் குஞ்சாகும், ஏன் அந்த முதல் முட்டைய போடுதுன்னு பறவை கைடும் ஸ்லைடு வாசிக்கிறவரும் சாப்பாட்டு மேஜைல ரொம்ப நேரம் வாதாடினாங்க. போட்ல இருந்து பாக்குறதுக்கு இந்த நூறு பேரு கணக்கு பிரச்சன அவ்ளோ இல்ல, அதனால அந்த மதியம் தான் எங்களுக்கு அவசரமே இல்லாம போச்சு. போட் ஓட்டுன பையன் அலைக்கு அலை இஞ்சின அடக்கி பாறைக்கு பக்கத்துலயே நிறுத்தி வச்சிருந்தான், கெட்டிக்காரன். பென்குயின் தண்ணிக்குள்ள குதிக்கிறதுக்கு முன்னாடி விளிம்புல கூடி நின்னு ஒன்ன ஒன்னு தள்ளி விட பாக்கும், ஒன்னு குதிச்சா மொத்தமும் குதிக்கும்.

ஆல்பட்ராஸ் கூடு பாக்கணும்னு போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், பக்கத்துல பிரயன் தீவுன்னு ஒரு குட்டி தீவுல பறவைக்கும் மண்ணுக்கும் கெடுதல் வராம மரப்பலக பாத போட்டு வச்சிருக்காங்க, ஆனா நவம்பர் 20ல இருந்து ஜனவரி 7 வரைக்கும் ஃபர் சீல் குட்டி போடுற நேரம்னு மூடிடுவாங்க, பறவைக் காய்ச்சல் வந்தப்புறம் எந்த இடம் எப்போ தொறந்திருக்கும்ங்கறது சீசனுக்கு சீசன் மாறுது, அதனால காசு கட்றதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. எங்க கம்பெனி பிரவுச்சர்ல அந்த தீவோட படத்த அட்டையிலயே போட்டுட்டு, எங்களுக்கு அங்க பர்மிஷன் இல்லேங்கறத கப்பல் ஏறுன பிறகு தான் சொன்னாங்க. இதுக்கு தான் முழுசா ஒரு ஸ்டார் கட். வாண்டரிங் ஆல்பட்ராஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முட்ட தான், குஞ்சு கூட்டுலயே சுமார் ஒன்பது மாசம், குளிர்காலம் பூரா, உக்காந்திருக்கும். சவுத் ஜார்ஜியா தண்ணில மீன் பிடிக்கிறவங்க ராத்திரி தான் தூண்டில் போடணும், குளிர்காலத்துல மட்டும் தான் பிடிக்கணும், பறவைய வெரட்ட ரிப்பன் கட்டணும்னு கண்டிப்பு வச்சு அங்க பறவை மாட்டுறத கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிட்டாங்க, ஆனா இந்த பறவை அந்த எல்லைக்குள்ளயா சுத்துது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் வேற தண்ணில லாங்லைன்னு சொல்ற நீள கயித்து தூண்டில்ல மாட்டி சாகுது. எண்ணிக்க கொறைஞ்சுட்டே தான் இருக்கு.

கிரிட்விக்கன்ல கம்பெனி தாராளமா நேரம் குடுத்துச்சு. 1904ல நார்வேக்காரர் லார்சன் ஆரம்பிச்ச திமிங்கல ஸ்டேஷன், துருப்பிடிச்ச டேங்க் எல்லாம் அப்படியே நிக்குது, இந்த தீவ சுத்தி மட்டும் 1,75,000 திமிங்கலத்துக்கு மேல கொன்னுருக்காங்க. 1922ல செத்த அண்டார்டிக் பயணி ஷேக்கில்டன் கல்லறை, மியூசியம், ஒரு போஸ்ட் ஆபீஸ். போஸ்ட் கார்டு போடுங்க, பவுண்ட் கையில வச்சுக்கோங்க. அதுக்கு மேல அங்க எழுத எனக்கு ஒன்னும் இல்ல, என் மனசு பூரா செயின்ட் ஆண்ட்ரூஸ் பேவுலயே இருந்துச்சு.

கப்பல் வசதி கேக்குறவங்களுக்கு: ரூம் சுத்தம், சாப்பாடு நல்லா இருந்துச்சு, வைஃபை தண்டம், வாடகைக்கு குடுத்த ரப்பர் பூட்ஸ்ல அக்காவுக்கு சைஸ் இல்லாம ரெண்டு சாக்ஸ் போட்டு ஓட்டுச்சு, ராத்திரி டின்னர்ல அடுத்த வருஷ டூர விக்கிற பேச்ச மட்டும் நிறுத்தினா நல்லது.

எப்போ போகலாம்னு கேட்டா, நவம்பர்ல போனா யானை சீல் சண்டையும் குண்டு குஞ்சும் பாக்கலாம், டிசம்பர்ல ஃபர் சீல் கரைய அடைச்சு நிக்கும், சில இடத்துல கால் வைக்கவே முடியாது, ஜனவரி பிப்ரவரில ஃபர் சீல் குட்டி, புதுசா பொரிச்ச கிங் குஞ்சு. புக் பண்ணும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: மொத்தம் எத்தன பயணி, ஒவ்வொரு இடத்துலயும் ஆளுக்கு எத்தன மணி நேரம் கரையில. மழுப்பினா அடுத்த கம்பெனி. அப்புறம் பைனாகுலர் ஆளுக்கு ஒன்னு எடுத்துட்டு போங்க, ஒன்ன வச்சு ரெண்டு பேரு பங்கு போட்டா திரும்பி வர்ற வரைக்கும் பேச்சு வார்த்த இருக்காது, எங்க அக்காவ கேட்டு பாருங்க.